பத்துக் குஞ்சில் எத்தனை பெட்டை? வீட்டுக்கோழி வாங்குமுன் ஒரு கணக்கு

கொல்லையில் ஐந்தாறு கோழி விடலாம் என்று ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, எந்த ரகம் நல்லது என்று. பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. சிறுவிடை நாட்டுக்கோழிக்கு நிகர் எது என்பார் ஒருவர். கடக்நாத்தில்தான் காசு என்பார் இன்னொருவர். கிராமப்பிரியா வாங்குங்கள், முட்டை கொட்டும் என்பார் மூன்றாமவர். யார் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே ஆள் கோழியே வேண்டாம் என்று கூண்டை விற்கிறார் என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் ரகத்தின் முட்டைக் கணக்கு அல்ல. வாங்கிய பத்தில் ஏழு சேவலாகப் போயிருக்கும். அல்லது வளர்ந்தவை ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கும், பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறும், பிள்ளைகளைத் துரத்தும்.

அதனால் இங்கே முட்டை, எடைக் கணக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு, குஞ்சிலேயே ஆண் பெண் தெரியுமா, வளர்ந்தபின் குணம் எப்படி என்ற இரண்டையும் வைத்து ரகங்களை ஒப்பிடுகிறேன். ஒப்பிட்டால் ஒரு சங்கடம் தெரியவரும். முதல் நாளே ஆண் பெண் பிரித்து வாங்க முடிகிற கோழி அடைக்கு உட்காராது. தானே அடைகாத்துக் குஞ்சு மேய்க்கிற கோழியிலோ முதல் நாளில் ஆண் பெண் சொல்லச் சுலபமான வழியில்லை. இரண்டில் எதை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதுதான் உண்மையான தேர்வு.

பாதிக்குப் பாதி என்ற நம்பிக்கை

பத்துக் குஞ்சு என்றால் ஐந்து பெட்டை, ஐந்து சேவல் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். சரியாக ஐந்துக்கு ஐந்து அமைய நாலில் ஒரு வாய்ப்புதான். ஏழோ அதற்கு மேலோ சேவலாக வர ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. முட்டையின் கூர்மையைப் பார்த்து அடை வைப்பது, நூலில் மோதிரம் கட்டி முட்டை மேல் ஆட்டுவது, குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் இந்தக் கணக்கை அசைக்காது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. முட்டைக்குள் எது போகிறது என்பதை வைத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது. அதாவது, தாய்க்கோழி முட்டையிடும் முன்பே விஷயம் முடிந்துவிடுகிறது.

இந்த இசட் சமாச்சாரம் வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை. முதல் நாளில் நிறத்தையோ இறகையோ பார்த்து ஆண் பெண் சொல்லும் எல்லா வழியும் அதில்தான் நிற்கிறது. தாயின் ஒரே இசட் மகன்களுக்கு மட்டும் போகும். மகள்களுக்குப் போவது அப்பனுடைய இசட் மட்டுமே. ஆகவே தாயிடம் மட்டும் இருக்கிற, இசட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு அடையாளம் மகன்களில் தெரியும், மகள்களில் தெரியாது. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வெள்ளை, சாம்பல் வரி போட்ட பிளிமத் ராக் பெட்டையோடு சேர்த்தால், பொரிக்கும் குஞ்சுகளில் ஆணுக்கு மட்டும் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். தங்க நிறச் சேவலை வெள்ளி நிறப் பெட்டையோடு சேர்த்தால் மகள்கள் பழுப்பாகவும் மகன்கள் வெளுப்பாகவும் பொரிப்பார்கள். லோமான் பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற பழுப்பு முட்டைக் கலப்பினங்களில் பெட்டைக் குஞ்சு பழுப்பு, சேவல் குஞ்சு வெளுப்பு என்று கூடையில் கைவிட்டுப் பொறுக்கிவிட முடிவது இதனால்தான்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு தடவையும் இரண்டு ரகத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. ரகமே தலைமுறை தலைமுறையாகக் குஞ்சில் ஆண் பெண் காட்டட்டும் என்று கேம்பார், லெக்பார் போன்ற இனங்களை அவரும் அவர் கூட்டத்தாரும் உருவாக்கினார்கள். நம் சந்தையில் அவை கிடைக்காது என்பதால் அதோடு நிறுத்திக்கொள்வோம்.

நம் ஊரில் செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. கொல்லையில் வரிபோட்ட நாட்டுப்பெட்டை இருந்து, வரியில்லாத கறுப்புச் சேவலோடு மட்டும் அது சேர்ந்தால், கறுப்பாகப் பொரிக்கும் குஞ்சுகளில் தலைப்பொட்டு உள்ளது சேவல், இல்லாதது பெட்டை. கடக்நாத் சேவலும் இதற்கு ஆகும். இரண்டு நிபந்தனை. வேறு சேவல் பக்கத்தில் திரியக் கூடாது. குஞ்சின் தூவி கறுப்பாக இருக்க வேண்டும். வெளிர் மஞ்சள் குஞ்சில் பொட்டு இருந்தாலும் கண்ணுக்குப் படாது. அந்த மகள்களை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டு இதே வித்தையை எதிர்பார்க்க வேண்டாம். வரி மகன்களோடு போய்விட்டது.

இறகு பார்த்துச் சொல்வது இன்னொரு வழி. சிறகை விரித்தால் இரண்டு வரிசை முளை இறகு தெரியும். கீழ் வரிசை மேல் வரிசையைவிடத் தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ கீழ் வரிசை குட்டையாகவோ இருந்தால் சேவல். இறகு சீக்கிரம் முளைக்கும் குணமுள்ள அப்பனையும் தாமதமாக முளைக்கும் குணமுள்ள தாயையும் திட்டமிட்டுச் சேர்த்த பண்ணைக் குஞ்சில் மட்டுமே, அதுவும் முதல் ஓரிரு நாளில் மட்டுமே, இது செல்லும். இந்த நிபந்தனையைச் சொல்லாமல் நாட்டுக்கோழிக் குஞ்சின் சிறகை விரித்துக் காட்டும் வீடியோக்கள் ஏராளம். நாட்டுக்குஞ்சில் அந்தப் பரிசோதனைக்கும் காசு சுண்டிப் போடுவதற்கும் வித்தியாசம் இல்லை.

மூன்றாவது, மலவாய் பார்த்துச் சொல்வது. 1920களில் ஜப்பானில் கியோஷி மசுயியும் அவரோடு இருந்தவர்களும் கண்டு சொன்ன முறை. பொரித்த முதல் நாளுக்குள் குஞ்சின் மலவாயை மெல்லப் பிதுக்கி, உள்ளே இருக்கும் கடுகளவு முளையைப் பார்த்துச் சொல்வார்கள். தேர்ந்த ஆள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார். நூற்றுக்கு இரண்டு தவறினால் அதிகம். எந்த ரகத்துக்கும் செல்லும் முறை இது. ஆனால் வருஷக்கணக்கில் பழக வேண்டிய தொழில். வீட்டில் முயன்றால் குஞ்சின் வயிற்றிலுள்ள மஞ்சள்கருவின் பை உடைந்து குஞ்சு செத்துப்போகும். தயவுசெய்து வேண்டாம்.

முட்டைப் பண்ணைக்குச் சேவல் தேவையில்லை என்பதால் முதல் நாளே பிரித்தெடுத்த ஆண் குஞ்சுகளைப் பொரிப்பகங்கள் கழித்துவிடுகின்றன. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் அவற்றைக் கொல்வதைச் சட்டப்படி தடுத்துவிட்டது. அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே ஆண் பெண் பார்க்கும் கருவிகள் வந்திருக்கின்றன. நம் ஊரில் திருவிழாக்களில் பச்சை, ரோஜா என்று சாயம் தோய்த்து விற்கும் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் இப்படிக் கழிந்து வந்தவைதான். பிள்ளை கேட்கிறதே என்று வாங்குகிறவர்கள், அதில் முட்டையிடும் கோழி வளரும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

பழுப்பு முட்டைக் கோழி, கிராமப்பிரியா, வனராஜா

பெட்டை என்று உறுதியாகத் தெரிந்து வாங்க வேண்டுமானால் இந்தப் பக்கம்தான் வர வேண்டும். பழுப்பு முட்டைக் கலப்பினம் நல்ல தீவனத்தில் முதல் வருஷம் முந்நூறை ஒட்டி முட்டையிடும். மனிதரிடம் குணம் அருமை. காலடியில் வந்து நிற்கும், தூக்கினால் பேசாமல் இருக்கும், குழந்தை மடியில் வைத்துக்கொள்ளலாம். அதே சாதுத்தனம்தான் வெளியில் அதற்கு எமன். நாய் வந்தாலும் கீரி வந்தாலும் என்ன ஏது என்று நின்று பார்க்கும். தங்களுக்குள்ளும் சாது என்று நினைத்துவிடக் கூடாது. இடம் நெருக்கடியானால் ஒன்றின் இறகை இன்னொன்று பிடுங்கும். ரத்தம் கண்டால் விடாது. பண்ணைகளில் அலகு வெட்டுவது இதற்காகத்தான்.

அதே முட்டை எண்ணிக்கைக்காக வெள்ளை லெகார்ன் வாங்கலாமா என்றால், வீட்டுக்கு வேண்டாம் என்பேன். குக்கர் விசில் கேட்டாலே கூட்டமாகப் பறந்து சுவரில் மோதும் இனம் அது. கூண்டுப் பண்ணைக்கு ஏற்றது.

கிராமப்பிரியாவும் வனராஜாவும் ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. கிராமப்பிரியா முட்டைக்கு, வனராஜா கறிக்கும் முட்டைக்குமாக, வருஷம் நூறு முட்டை அளவில். நிறம் நாட்டுக்கோழி மாதிரி இருப்பதால் சந்தையில் சில பேர் நாட்டுக்கோழி என்றே விற்றுவிடுகிறார்கள். குணம் அமைதி. வனராஜா கனத்த உடம்பு. மரத்தில் ஏறாது, பருந்து நிழல் விழுந்தால் ஓடி ஒளியும் சுறுசுறுப்பும் குறைவு. இவை பெரும்பாலும் ஆண் பெண் கலந்தே விற்பனைக்கு வரும். ஒரு மாதக் குஞ்சாக வாங்கினால் கொண்டையைப் பார்த்து ஓரளவு பொறுக்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றில் எதையும் அடைக்கு நம்ப முடியாது. அடையில் உட்காரும் கோழி அந்த நாட்களில் முட்டையிடாது என்பதால், முட்டை எண்ணிக்கையைக் கூட்டத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது அடைக்குணம் கழிந்துபோயிற்று. ஆண் பெண் அடையாளமும் திட்டமிட்ட சேர்க்கையால் வந்தது. இரண்டும் ஒரே பண்ணை வேலையின் இரண்டு விளைவுகள். முதலில் சொன்ன சங்கடத்துக்குக் காரணம் இதுவே.

சிறுவிடை

பெட்டை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ. வருஷம் அறுபது, எண்பது முட்டை. எண்ணிக்கையைப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் பன்னிரண்டு முட்டை வைத்து அடைக்கு விட்டால் கரண்டும் வேண்டாம், பல்பும் வேண்டாம். இருபத்தொரு நாளில் குஞ்சோடு இறங்கும். வல்லூறைப் பார்த்தால் ஒரு கேறல், குஞ்சுகள் செடிக்குள் மறைந்துவிடும். நாயையே எதிர்த்துப் பாயும். குஞ்சுத்தாய் பக்கத்தில் போகும் சின்னப் பிள்ளைகள் கொத்து வாங்குவதும் உண்டு. அதைக் கெட்ட குணம் என்று எழுதினால் தப்பு. மற்ற நாளில் மனிதரிடம் ஒட்டாது, விலகியே நிற்கும். மடியில் வைத்துக் கொஞ்ச ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஆகாது. மரத்தில் அடையும். ஐந்தடி மதிலெல்லாம் அதற்குத் தடையே இல்லை.

குஞ்சில் முதல் இரண்டு வாரம் எதுவும் தெரியாது. மூன்று, நாலு வாரத்தில் சில குஞ்சுகளின் கொண்டை மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறி எழும்பத் தொடங்கும். அவை பெரும்பாலும் சேவல். அதே நேரம் பெட்டைக்குஞ்சுக்கு முதுகும் வாலும் ஒழுங்காக மூடிவரும், சேவல் குஞ்சோ முதுகு வெறிச்சென்று வால் கட்டையாக அலையும். ஆறு வாரத்தில் கால் தடிமனையும் தாடியையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் எட்டொன்பதைச் சரியாகச் சொல்லிவிடலாம். முழு உறுதி பத்து, பன்னிரண்டு வாரத்தில். கழுத்திலும் இடுப்புச் சரிவிலும் கூரான பளபளப்பான இறகு இறங்கினால் சேவல். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. கூவலை வைத்துச் சொல்ல ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்குள் தீவனம் தின்று தீர்த்திருக்கும்.

இன்னொன்று: ஒரு குஞ்சை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள். ஒரே தாய், ஒரே நாளில் பொரித்தவை நாலைந்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் எது முந்துகிறது என்று தெரியும்.

பெருவிடையும் அசிலும்

மேலே சொன்ன அடையாளங்கள் பாதி செல்லாமல் போவது சண்டைச்சேவல் ரகங்களான இவற்றில்தான். அசிலுக்குப் பட்டாணிக் கொண்டை. உச்சந்தலையில் ஒட்டிக் கிடக்கும் மூன்று சிறு வரிசை. பெட்டைக்கும் சேவலுக்கும் அதில் பெரிய வித்தியாசம் சீக்கிரம் தெரியாது. நடுவரிசை அகலமாகவும் சிவப்பாகவும் தடிப்பது சேவல் என்பார்கள். சரிதான், ஆனால் இரண்டு மாதமாவது ஆக வேண்டும். அதற்கு முன் கால் எலும்பின் தடிமன், நிற்கும் நிமிர்வு, கழுத்து நீளம் இவற்றைத்தான் பழகிய கண் பார்க்கும். அய்யலூர்ச் சந்தை போன்ற இடங்களில் கட்டுச்சேவல் குஞ்சுக்குப் பேரம் பேசுகிறவர்களைக் கவனித்தால் கொண்டையைவிடக் காலைத்தான் அதிகம் தடவிப் பார்ப்பார்கள்.

குணத்தில் இந்த ரகம் ஒரு முரண். மனிதரிடம் இத்தனை அமைதியான சேவல் வேறு இனத்தில் கிடைப்பது அரிது. கையில் எடுத்துக் குளிப்பாட்டலாம், பிள்ளை தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கலாம். தன்னினத்தைக் கண்டால் மட்டும் வேறு பிறவி. சண்டைக்கென்றே நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்த ரத்தம். சில வாரக் குஞ்சுகளே மார்போடு மார்பு மோதி நிற்கும். சாதாரணக் கோழிக்கூட்டத்தில் குஞ்சுச் சண்டை ஒரு வரிசையை உண்டாக்கிவிட்டு அடங்கும். யார் யாரைக் கொத்தலாம் என்ற அந்த வரிசையை 1921-ல் நார்வேக்காரர் ஷெல்டெரூப் எபே முதன்முதலில் எழுதிவைத்தார். அசிலில் தோற்றது விலகினாலும் ஜெயித்தது விடாது. பல நேரம் தோற்றதே விலகாது. நாலைந்து மாதத்தில் சேவல்களைத் தனித்தனியாகக் கட்டியோ அடைத்தோ ஆக வேண்டும். பெட்டைகளும் சளைத்தவை அல்ல. பத்துக் குஞ்சு வாங்கி ஏழு சேவலாகப் போனால் சிறுவிடையில் ஏழு பேருக்குக் குழம்பு; அசிலில் ஏழு கூண்டு.

முட்டை சிறுவிடையைவிடக் குறைவு, முட்டைப் பருவத்துக்கு வரவும் தாமதம். சேவல் நாலு கிலோவைத் தாண்டும், கறிக்கு விலை உண்டு, அடைகாப்பதும் நன்றாகவே. இடமும் தனித்தனிக் கூண்டும் பொறுமையும் இருக்கிறவருக்கு லாபம். வேறு ரகத்தோடு கலந்து விட நினைக்கிறவர் இந்தப் பத்தியை மறுபடி வாசிக்கலாம்.

கடக்நாத்

மத்தியப் பிரதேசத்து ஜாபுவா, தார் மாவட்டங்களின் கோழி. 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இதன் பெயர் எங்கும் பரவிவிட்டது. சின்ன உடம்பு, வருஷம் எண்பது, தொண்ணூறு முட்டை. மிரளும் குணம், ஆனால் முரட்டுத்தனம் இல்லை. அடைக்கு உட்காருவதில் சிறுவிடையின் பக்கத்தில்கூட வராது. ஆக, இரண்டு பக்கமும் நஷ்டப்படும் ரகம் இது: முதல் நாளும் ஆண் பெண் தெரியாது, அடைக்கும் நம்ப முடியாது.

கொண்டை சிவக்கும் அடையாளம் இதில் சுத்தமாகச் செல்லாது. கொண்டையும் தாடியும் கருநீலமாகவே இருக்கும் என்பதால் நிறத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டரை, மூன்று மாதம் வரை காத்திருந்து, கழுத்து இறகின் மினுமினுப்பை வைத்து முடிவு செய்வது உத்தமம். ஒரு மாதக் குஞ்சில் "எல்லாம் பெட்டை" என்று விற்கிறவரிடம், எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

யாருக்கு எது

நகரத்தில், ஒட்டினாற்போல் வீடுகள், விடியலில் கூவினால் சண்டைக்கு வரும் அண்டை வீட்டார் என்றால் யோசிக்க வேண்டியதில்லை. பழுப்பு முட்டைக் கலப்பினப் பெட்டை நாலு, சேவல் வேண்டாம். சேவல் இல்லாமல் முட்டையிடுமா என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். இடும், பொரிக்காது, அவ்வளவுதான். முதல் நாள் குஞ்சாக வாங்காமல் பதினாறு, பதினெட்டு வார இளம் பெட்டைகளாக வாங்குங்கள். விலை பல மடங்கு தெரியும்; மின்சாரச் சூடு, தடுப்பூசி, நாலு மாதத் தீவனம், நடுவில் செத்தவை எல்லாவற்றையும் கூட்டினால் பெரிய வித்தியாசம் இருக்காது.

தென்னந்தோப்போ வயலோ ஒட்டிய வீடு என்றால் என் ஓட்டு சிறுவிடைக்கு. குஞ்சாக அல்ல, குஞ்சோடு கூடிய தாயாக. ஆண் பெண் தெரியாத குறை இங்கே உறைக்காது. உபரிச் சேவலுக்கு வீட்டிலும் சந்தையிலும் வழி இருக்கிறது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டாவதை வைத்தால் பெட்டைகளின் முதுகு இறகு உதிர்ந்து மொட்டையாவதைப் பார்ப்பீர்கள். எதை வைத்துக்கொள்வது என்பதில் அழகைப் பார்க்காதீர்கள். ஐந்தாறு மாதத்தில் இளஞ்சேவல்களின் சுபாவம் வெளிப்படும். ஆள் மேல் பாய்கிறதை முதலில் குழம்புக்கு அனுப்பிவிட்டு, இரை கண்டால் பெட்டையைக் கூப்பிட்டுக் காட்டுகிறதை வைத்துக்கொள்ளுங்கள். குணத்தில் ஒரு பங்காவது குஞ்சுக்கும் இறங்கும்.

முட்டையும் வேண்டும், கரண்ட் இல்லாமல் குஞ்சும் வேண்டும் என்கிறவருக்கு நடுவழி ஒன்று: கிராமப்பிரியா பெட்டை ஐந்து, சிறுவிடைப் பெட்டை இரண்டு, முட்டை பொரிக்க ஒரு சேவல். முட்டையைக் கிராமப்பிரியா இடட்டும், அதைச் சிறுவிடை அடைகாக்கட்டும். யாருடைய முட்டை என்று அடைக்கோழி கணக்குப் பார்ப்பதில்லை. பெரிய முட்டை என்பதால் பன்னிரண்டுக்குப் பதில் எட்டொன்பது வையுங்கள். இரண்டு ரகத்தையும் சேர்த்து அடைக்கும்போது சிறுவிடைதான் அதிகாரம் செய்யும், உடம்பு சிறிதாக இருந்தாலும். தீவனத் தட்டு இரண்டு இடத்தில் இருந்தால் கிராமப்பிரியா பட்டினி கிடக்காது.

வாங்கும் இடத்தில் கடைசியாக ஒரு விஷயம். ஒரு மாதக் குஞ்சுக் கூடையில் பாதி காலியாகியிருந்தால், மிச்சத்தில் பெட்டை குறைவாகத்தான் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் முன்பே பொறுக்கியிருப்பார்கள். சந்தைக்கு விடிகாலையில் போங்கள். முட்டையிடும் பெட்டை என்று சொல்லி விற்றால் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மலவாய்க்கு இரு பக்கமும் உள்ள இடுப்பெலும்பின் நடுவே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரலே முட்டினால் இன்னும் பருவத்துக்கு வரவில்லை அல்லது முட்டை நின்றுவிட்டது. வாங்கியதைப் பகலில் பழைய கூட்டத்துக்குள் விடாமல், ஓரிரு வாரம் தனியாக வைத்து நோய் இல்லை என்று பார்த்தபின், ஒரு ராத்திரி அடைந்த நேரத்தில் கூண்டில் சேர்த்துவிடுங்கள்.